ஆமைப்பூட்டு

புயல் மட்டக்களப்புக் கோட்டின் கூரையைக் கொண்டுபோன கிழமை
சான்றுப்பொருள் அறைக்குள் முழங்கால் தண்ணீர்.
வாக்கத்திகள், கசிப்புப் போத்தல்கள்,
யாரோ ஒருத்தியின் ஒற்றைக் கொலுசு.
இடாப்பை வெயிலில் விரித்து
ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன்.
பதினோராம் இலக்கம்: ஆமைப்பூட்டு ஒன்று, திறப்பு ஒன்று.
அரக்கு முத்திரை உடைந்திருந்தது.
இருபத்தேழு வருஷம் ஒருவரும் தொடாத பொதி.

வழக்கை ஊர் அறியும்.
ஆரையம்பதி நாகமணி. நோட்டீசில் புறபெசர் நாகா.
கச்சேரி விலங்கை நாலு நிமிஷத்தில் கழற்றி
ஏஜண்டுத் துரைக்குக் கைகொடுத்தவர்.
கல்முனையில் சாக்குக்குள் போட்டுத் தைத்தால்
சாக்குக்கு வெளியே நின்று சுருட்டுப் பற்றவைப்பார்.
வீட்டில் மட்டும்
கதவு சாத்தினால் நித்திரை வராது.
மாரியிலும் திறந்தபடிதான்,
தெருநாய்கள் வந்து கட்டிலுக்குக் கீழே படுக்கும் என்று
தெய்வானை கூண்டில் ஏறிச் சொன்னபோது
யூரிமார் சிரித்திருக்கிறார்கள்.
குறிப்பில் இருக்கிறது: (சிரிப்பு).

அன்றைக்கு வாவிக்கரையில் தலைக்கு இருபத்தைந்து சதம்.
தோணியில் வந்தவர்கள் காசு கொடுக்கவில்லை,
தண்ணிக்குள் நின்றே பார்த்தார்கள்.
கையைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டி
இரும்புப் பெட்டிக்குள் இறங்குமுன்
உதவியாள் சாமித்தம்பி ஒரு வெற்றிலைச் சுருள் நீட்டினான்.
வாங்கிக் கடைவாயில் ஒதுக்கினார்.
சனத்துக்கு அது வெற்றிலை.
தொழிலுக்கு அது திறப்பு.

பதினொரு நிமிஷம்.

பெட்டியை இழுத்தெடுத்தபோது
சங்கிலி சுற்றியபடி, பூட்டு பூட்டியபடி,
திறப்பு பல்லுக்கிடையில்.

பிழையான திறப்பைக் கொடுத்துவிட்டான் என்றார் அரசாங்க அப்புக்காத்து.
காரணத்துக்கு இரண்டு கடிதம்,
சாமித்தம்பி எழுதியவை, தெய்வானையின் மா ரின்னுக்குள் இருந்தவை.
ஒன்றில் அவளுடைய கழுத்து மச்சம் வருகிறது.
அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தார்கள்.
பூட்டைத் திறந்து பார்க்க ஒருவரும் கேட்கவில்லை.
சான்றுப்பொருள் மாறக்கூடாது என்றார் ஐயா,
எல்லாரும் தலையாட்டினார்கள்.
சாமித்தம்பி சொன்னது இவ்வளவுதான்:
"கடிதம் நான் எழுதினதுதான்.
திறப்பும் சரியான திறப்புத்தான்."
வெலிக்கடையில் தூக்கும்போது முப்பத்தொரு வயது.

எனக்கும் இந்த வழக்குக்கும் ஒரு சொந்தமும் இல்லை.
எண்ணுவதும் கையெழுத்து வைப்பதும்தான் வேலை.
ஆனால் பொதி பிரிந்து கிடந்தது.
மேசை லாச்சிக்குள் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் இருந்தது.
இரண்டு சொட்டு விட்டு
ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் பொறுத்தேன்.
திறப்பைப் போட்டுத் திருப்பினேன்.

குழந்தை விக்கினதுபோல் ஒரு சத்தம்.
ஆமை வாயைத் திறந்தது.

எண்ணெய்தான் திறந்தது என்று சொல்லிப் பார்த்தேன்.
பொருந்தாத திறப்பை எந்த எண்ணெய் பொருத்தும்?
பதினொரு நிமிஷத்தில் எந்தப் பூட்டுத் துருவேறும்?
அன்றிரவு அரிக்கன் லாம்பில் நனைந்த கோவையை
ஒட்டின தாள் ஒட்டின தாளாய்ப் பிரித்து வாசித்தேன்.
நூற்றுப்பத்தொன்பதாம் பக்கம், சம்பந்தமில்லாத ஓரிடத்தில்
தெய்வானை சொல்கிறாள்:
காலமையில் ரொட்டிக்கு
மாக் குழைக்கிறது அவர்தான்.

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.
அடுத்த கேள்வி ரிக்கற்றுக் காசு பற்றியது.

விடியக் கந்தோருக்கு வந்தேன்.
இடாப்பில் 'நிலை' என்று ஒரு நிரல்.
வெளியே தகரத்துக்கும் அரிசிக்கும் வரிசை,
யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
'துரு' என்று எழுதினேன்.
பிறகு பூட்டை உள்ளங்கையில் வைத்து அமத்தினேன்.

ஆமைப்பூட்டைப் பூட்டுவதற்குத்
திறப்புத் தேவையில்லை.